மூன்று தண்ணீர்

பங்குனி 14, வியாழன்

பிள்ளையைச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு வந்து இன்றோடு மூன்று நாள்.

இது லேஸ் மாதிரி வரைந்து பழக என்று மிஷன் அம்மாள் கொடுத்த நோட்டு. இனி நான் லேஸ் பின்னப் போவதில்லை. நாலாம் வகுப்பு வரைக்கும் படித்த எழுத்து கையில் இருக்கிறது, அதை வைத்து எழுதுகிறேன். வாயால் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விடுமாம். அவர் இந்த ஊர்ச் சபைக்கு உபதேசியார், மிஷன் சம்பளத்துக்கு ஜெபம் நடத்துகிறவர்.

பிள்ளை பெயர் பவளம். ஏழு மாதம். அம்மை போட்டுச் செத்துப்போனாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை, கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது என்று பிஷப் ஐயர் சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் குழி வெட்டினார்கள். ஜெபம் கிடையாது. மணி அடிக்கவில்லை. செத்த ஆட்டுக்குட்டியைப் புதைக்கிற மாதிரி புதைத்துவிட்டு மண்வெட்டியைத் தட்டினார்கள்.

ஞானஸ்நானம் ஆகிவிட்டது. எனக்குத் தெரியும்.

பங்குனி 15, வெள்ளி

துணியெல்லாம் வேக வைத்தேன். பாயை எரித்தேன். கோயிலைப் பெருக்க ஆள் வரவில்லை என்று சபை மூப்பர் வந்து வெளியே நின்று சத்தம் கொடுத்தார். உபதேசியார் மனைவிதான் கோயில் பெருக்க வேண்டும், அது வழக்கம். கதவைத் திறக்கவில்லை.

பங்குனி 17, ஞாயிறு

எல்லோரும் ஆராதனைக்குப் போயிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாலாம் தேதி பிள்ளைக்கு அம்மை கண்டது. அன்றிலிருந்து சபையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிஷப் ஐயர் வரப்போகிறார், அறுபது பேருக்கு அவர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுக்க வேண்டியிருக்கிறது, தொத்து ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வந்தது இசக்கி மைனி ஒருத்திதான். என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா. வேதத்துக்கு வராதவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அஞ்ஞானத்தில் இருக்கிற அக்காவோடு உபதேசியார் புழங்கக் கூடாது என்று பத்து வருஷமாக அவளை இவர் படியேற விட்டதில்லை. சின்ன வயதில் அம்மை வார்த்து அவள் முகமெல்லாம் தழும்பு.

"எனக்கு வந்துட்டுப் போயிட்டு. இனி வராது. தள்ளு பிள்ள" என்று உள்ளே வந்தாள். வேப்பிலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். வாசலிலும் ஒரு கொத்து செருகினாள். நான் தடுக்கவில்லை. எட்டு நாளும் என்னோடு இருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் இவர் பிஷப் ஐயரை எதிர்கொள்ளப் பாலத்துக்குப் போய்விட்டார். குருத்தோலைப் பந்தல், மேளம் எல்லாம் இவர் பொறுப்பு. உச்சி வெயிலில் பிள்ளைக்குக் கண் செருகியது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்கிறது. ஒரு மைல் இருக்கும். பிள்ளை அதுவரைக்கும் தாங்காது என்று தெரிந்துபோயிற்று.

ஐயர் இல்லாத இடத்தில் உயிர் போகிற பிள்ளைக்குச் சபையார் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானாபரணம் ஐயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்தான் எங்கள் வட்டாரத்துக்குக் குருவானவர், மாதம் ஒரு தடவை வருவார். மூன்று தடவை தண்ணீர் விட வேண்டும், திரியேக நாமத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பிள்ளை என் இரண்டு கையிலும் கிடக்கிறாள். உடம்பு முழுக்க முத்து. தோல் என் கையோடு ஒட்டியிருந்தது. ஒரு கையை எடுத்தால் பிய்ந்துவிடும்.

"மைனி, அந்தச் செம்ப எடு. நான் சொல்லச் சொல்லத் தலையில ஊத்து."

"குளுந்துரும் பிள்ள."

"ஊத்து மைனி."

பிதாவின் என்றேன், ஊற்றினாள். குமாரனின் என்றேன். "இப்பவா?" என்று கேட்டுவிட்டு ஊற்றினாள். பரிசுத்த ஆவியின் என்றேன். மூன்றாவது தண்ணீரும் விழுந்தது. நான் ஆமென் சொன்னேன். மைனி "தாயே" என்றாள். பிள்ளை ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தாள். மேளம் தெருவுக்குள் வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

பிஷப் ஐயர் பந்தலுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சபையார் யாரும் வராத வாசலுக்கு அவர் வந்தார், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். தொப்பியைக் கழற்றிக் குனிந்து உள்ளே வந்தார். அவருக்கு இந்த ஜில்லாவில் முப்பத்தொரு வருஷம். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார் என்பார்கள். நம்மை மாதிரி பேச மாட்டார், ஏட்டில் இருக்கிற மாதிரி பேசுவார். நாம் கும்பிடுகிறது, கூழ் ஊற்றுகிறது, தாலி கட்டுகிறது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

"அம்மணி, இக்குழந்தை ஞானஸ்நானம் பெற்றிருந்ததா?" என்று கேட்டார்.

"மூணு தண்ணி ஊத்துனோம் ஐயா" என்றேன்.

என் வாயில் அதுதான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். வாசலில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். செம்போடு மூலையில் நின்ற மைனியின் முகத்தைப் பார்த்தார்.

"மூன்று தண்ணீர் என்பது யாதென்று நான் அறிவேன்" என்றார். "முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அம்மை இறங்குகையில் மாரியம்மைக்கென்று செய்யப்படும் சடங்கு. அதனை நான் எழுதி வைத்திருக்கிறேன்."

எழுதி வைத்திருக்கிறாராம். நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் தெரியாத துரையாக இருந்திருந்தால், அப்படியென்றால் என்ன என்று என்னிடம் கேட்டிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். பிஷப் ஐயருக்குத் தெரியும். தெரிந்ததனால் கேட்கவில்லை. என் பிள்ளை வெளியே போனாள்.

பங்குனி 19, செவ்வாய்

பால் கட்டிக்கொண்டு நெஞ்சு தெறிக்கிறது. பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினேன்.

பங்குனி 24, ஞாயிறு

கோயிலில் அப்பமும் ரசமுமாகக் கொடுக்கிற நன்மை வாங்கப் போகவில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"நீ இப்படி இருந்தா சபையில என்ன சொல்லுவாவ?"

"பிள்ள செத்தவ வீட்டுல இருக்கான்னு சொல்லட்டும்."

"பிஷப் ஐயரும் ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்தவருதான் பரிபூரணம்."

"அது ரெண்டும் சுவத்துக்கு உள்ள கெடக்கு."

"நான் அன்னைக்கே சொல்லத்தான் செய்தேன், விசாரிக்கணும்னு. இப்ப போயிச் சொன்னா, ஏழு மாசமா பிள்ளைக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுக்கலன்னு மொதல்ல கேப்பாவ. என் அக்கா எதுக்கு வீட்டுக்குள்ள வந்தான்னு கேப்பாவ. பிறகு எனக்கு இந்த வேல இருக்குமா?"

"வேலையப் பிடிச்சுக்கிட்டுக் கெடங்க."

அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து நின்று கத்தினார். "ஞானாபரணம் ஐயர் ரெண்டு மட்டம் கேட்டாரு. ரெண்டு மட்டமும் யாரு வேண்டாம்னது? பிஷப் ஐயர் கையால நடக்கட்டும், லேஸ் சட்ட இன்னும் முடியலன்னு சொன்னது நானா? அவரு மூணு தண்ணி சடங்குன்னு சொல்லயில தலைய ஆட்டுனது யாரு? நானா?"

கஞ்சி தீய்ந்து போயிற்று. இறக்கி வைத்தேன்.

சித்திரை 6, வெள்ளி

பிஷப் ஐயருக்கு நானே காகிதம் எழுதினேன். இவருக்குச் சொல்லவில்லை. தபால்காரன் கையில் கொடுத்துவிட்டேன். இப்படி எழுதினேன்:

நீங்கள் வெளியே வைத்த பிள்ளை ஞானஸ்நானம் ஆன பிள்ளை. மூணு தண்ணி என்றால் நீங்கள் எழுதி வைத்த மூணு தண்ணி இல்லை. பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று. சாகிற பிள்ளைக்கு யாரும் அம்மை இறங்குகிற தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், பிழைத்த பிள்ளைக்குத்தான் ஊற்றுவார்கள். அது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவளுக்குக்கூடத் தெரியும். உங்கள் நோட்டில் அதையும் எழுதுங்கள். என் பிள்ளையை உள்ளே வையுங்கள். அவள் பெயரைச் சொல்லி ஜெபம் வாசியுங்கள்.

மரியாதையாக எழுதத் தெரியாமல் இல்லை. எழுதவில்லை.

சித்திரை 25, புதன்

ஞானாபரணம் ஐயர் பதிலோடு வந்தார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. வேலையை விட்டு எடுக்கிற காகிதம் என்று நினைத்துவிட்டார். ஐயர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். பிஷப் ஐயர் ஆனியில் மறுபடியும் இந்தப் பக்கம் வருகிறாராம். தாமே நேரில் விசாரிப்பாராம். எனக்கு நேர்ந்த துக்கத்துக்காக ஜெபம் பண்ணுகிறாராம். 'மூன்று தண்ணீர் என்னும் சொல் கிறிஸ்தவர் நடுவே வேறு பொருளில் வழங்குகிறதா என்று அறிய மிகுந்த ஆவலாயிருக்கிறேன்' என்று கடைசியில் எழுதியிருக்கிறார்.

ஆவலாம். அவருக்குச் சொல்லுக்குப் பொருள் வேண்டும்.

வைகாசி 9, வியாழன்

ஞானாபரணம் ஐயர் விசாரணைக்கு எங்களைத் தயார் பண்ண வந்தார். நல்ல மனுஷன், ஆனால் பிஷப் ஐயர் பெயரைச் சொல்லும்போதே பாதி எழுந்து நிற்பார். நாலு கேள்வி கேட்பார்களாம். கொடுத்தது யார், கூட இருந்தது யார், எதனால் கொடுத்தது, என்ன வார்த்தை சொன்னது.

நான் நடந்தபடி சொன்னேன். ஐயர் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"நீ சொன்னே, அந்த அம்மா ஊத்துனா. அப்படியா?"

"ஆமா ஐயா."

"அது செல்லாது, பரிபூரணம். ஊத்துன கையும் சொன்ன வாயும் ஒரே ஆளுக்குள்ளதா இருக்கணும். வார்த்தைய ஒருத்தி சொல்லி, தண்ணிய இன்னொருத்தி விட்டா, அது ஞானஸ்நானம் ஆகாது. சட்டம் அப்படி."

"எனக்கு ரெண்டு கைதான ஐயா இருந்தது."

அவர் ஜெபப் புத்தகத்தைப் பைக்குள் போட்டார். பிறகு, "பிஷப் ஐயர்கிட்ட நீ 'ஊத்துனோம்'னு சொல்லியிருக்கே. அவரு இலக்கணம் படிச்சவரு. அதப் பிடிச்சுக்கிடுவாரு. நான் ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கவும் இல்ல" என்று சொல்லி, மோரைக்கூடக் குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் இவர் சொன்னார். "ஊத்துனேன்னு சொல்லு. ரெண்டு எழுத்துதான."

வைகாசி 10, வெள்ளி

ஓடைக்கரைக்குப் போனேன். நாய் தோண்டப் பார்த்த தடம் இருந்தது. கல் சுமந்து வந்து அடுக்கினேன்.

வைகாசி 13, திங்கள்

இசக்கி மைனி வீட்டுக்குப் போனேன். பத்து வருஷத்தில் நான் போவது இதுதான் முதல். கருப்புக்கட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அகப்பையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்போ நான் ஊத்துனதுனாலதான் பிள்ள வெளிய கெடக்காளா?"

"அப்படித்தான் சட்டமாம்."

"என் கைதான் ஆகாது."

"யாரு கையானாலும் அப்படித்தானாம் மைனி. சொன்ன வாயே ஊத்தணுமாம்."

"வாய் எப்படிப் பிள்ள ஊத்தும்?" என்றாள். சிரித்தாள். பிறகு கிண்டினாள். பாகு இறுகினதும், "நீ ஊத்துனேன்னு சொல்லிரு" என்றாள்.

"நீ எட்டு நாளு இருந்தே. சபையில ஒரு ஆளு வரல. நான் உன்ன இல்லன்னு சொல்லணுமா?"

"பின்ன பிள்ளைய அங்கேயே போட்டுருவியா?"

எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் கோபம். இவர் மேல் கோபம். சட்டம் எழுதினவன் மேல் கோபம். அவன் பிள்ளையைத் தூக்கியிருக்க மாட்டான்.

ஆனி 2, ஞாயிறு

ஊர் ஜோடிக்கிறார்கள். மறுபடியும் குருத்தோலை.

ஆனி 4, செவ்வாய்

விசாரணை கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் பிஷப் ஐயர், பக்கத்தில் ஞானாபரணம் ஐயர், முன்னால் நானும் இவரும். பிஷப் ஐயருக்குக் கால் வீங்கியிருந்தது. பூட்ஸை அவிழ்த்துவிட்டு ஒரு காலை முக்காலியில் வைத்திருந்தார். ஞானஸ்நானப் பதிவுப் புத்தகம் ஒரு பக்கம், அவருடைய பெரிய நோட்டு ஒரு பக்கம். ஜன்னலுக்கு வெளியே இசக்கி மைனி நின்றாள். நான் கூப்பிடவில்லை.

"அம்மணி, உமது கடிதம் என்னைக் குத்திற்று" என்றார். "குத்தினது நன்று. இப்போது கேட்கிறேன். இக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

இரண்டு எழுத்துதான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊத்துனேன், ஊத்துனேன், ஊத்துனேன்.

"ஊத்துனோம் ஐயா" என்றேன்.

இவர் என் முழங்கையை இடித்தார். பிஷப் ஐயர் எழுதுகோலைத் தூக்கிப் பிடித்தார்.

"ஊற்றினோம் என்பது தன்மைப் பன்மை. ஒருவரா, பலரா?"

அப்போது ஜன்னலில் இருந்து சத்தம் வந்தது.

"ஊத்துனது அவதான் துரையே. நான் செம்பக் கொண்டாந்து கொடுத்தேன், அவ்வளவுதான். எங்க பக்கத்துல ஒருத்தி செஞ்சாலும் செஞ்சோம்னுதான் சொல்லுவோம். பொங்குனோம், பெருக்குனோம், பெத்தோம். எல்லாம் அப்படித்தான்."

"நீ யார்?"

"உங்க உபதேசியாருக்கு அக்கா. அவனுக்கு நான் இல்ல, எனக்கு அவன் உண்டு."

ஞானாபரணம் ஐயர் இருமினார். "ஐயா, இவள் அஞ்ஞானி. இவள் சாட்சி..."

"அஞ்ஞானியும் மெய் சொல்லக்கூடும்" என்றார் பிஷப் ஐயர். "பெண்ணே, நீ சொல்வது மெய்யா?"

"மாரியம்மாமேல ஆணையா மெய்யி."

அந்தப் பெயரைக் கேட்டதும் பிஷப் ஐயர் முகம் சுளித்தது. ஆனால் எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "இவள் சொல்வது சரிதானே?"

தலையை ஆட்டினேன்.

போன தடவையும் இதே தலையைத்தான் ஆட்டினேன். அப்போது பொய்க்கு ஆட்டினேன் என்று தெரியாது. இப்போது தெரியும்.

மற்றக் கேள்வியெல்லாம் சுருக்கில் முடிந்தது. தண்ணீர் என்றேன். திரியேக நாமம் என்றேன். பெயர் கேட்டார். "ஹாரியட், ஐயா. தங்கள் துரைசானி அம்மாள் பெயர்" என்றார் இவர். அப்படி ஒரு பெயர் வைப்பதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார். "பவளம்" என்றேன் நான். "தண்ணி ஊத்தயில சொன்ன பேரு பவளம்." பிஷப் ஐயர் பவளம் என்று எழுதினார்.

எல்லாம் முடிந்ததும் அவர் தம் பெரிய நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். மை உலர ஊதினார். "இன்று நானும் ஒன்று கற்றேன். தன்மைப் பன்மை இப்பகுதியில் ஒருமைக்கும் வழங்கும்" என்றார். சந்தோஷமாக இருந்தார். மைனியின் பொய் இலக்கணமாகப் போயிற்று. அது அச்சிலும் வருமாயிருக்கும். சீமையில் படிப்பார்கள்.

என் பிள்ளையை வெளியே போட்டதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தலையில் கை வைத்தார். கையை எடுங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் எழுதினதை அடித்துவிடுவாரோ என்று நின்றேன்.

ஆனி 6, வியாழன்

பிள்ளையை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. குழியை இவரே தோண்டினார். வேறு ஆளைத் தொடவிடவில்லை. எடுத்ததை வேஷ்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறபோது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார். திரும்பினேன். பெட்டி மூடின பிறகும் அவர் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். பிஷப் ஐயர் வீங்கின காலோடு நின்று முழு ஜெபமும் வாசித்தார். பவளம் என்று இரண்டு தடவை சொன்னார். மணி அடித்தது. நான் கேட்டது எல்லாம் கிடைத்தது.

சபையார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், இப்போது தொத்து இல்லையே. இசக்கி மைனி சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வா என்று இவர் கூப்பிட வாயெடுத்தார், மூப்பர் திரும்பிப் பார்த்தார், இவர் மூடிக்கொண்டார். நானும் கூப்பிடவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

திரும்புகிற வழியில் அவளிடம், "என்னால பொய்யாணை விட்டியே மைனி" என்றேன்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். அவ பிள்ள பெத்தவ. உங்க துரைகிட்டத்தான் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். பவளம் என்று இருக்கிறது. கொடுத்தது உபதேசியார் மனைவி என்று இருக்கிறது. என் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை.

ஆனி 9, ஞாயிறு

பிள்ளை உள்ளே வந்துவிட்டாளே, இனி வகுப்பு எடுக்க என்ன தடை என்று ஞானாபரணம் ஐயர் சொல்லி அனுப்பினார். போனேன். பதினாலு பெண்பிள்ளைகள். நான் விட்ட நாளிலிருந்து யாரும் எடுக்கவில்லை, ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனையில் பாதியில் நிற்கிறது. ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்தது ஒன்பது. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்கிறது. பிள்ளைகள் ஸ்லேட்டைத் துடைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவதைச் சொன்னேன்.

முன்வரிசையில் மூப்பர் பேத்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அம்மா, ஒம்பதக் காணோம்."

"அது சுவத்துக்கு வெளிய நிக்கி" என்றேன். "பத்த எழுது."